கரைய வேண்டியவள்

மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஏறும் சாலையில், எங்கள் வளைவுக்குக் கீழே இப்போது பூண்டு போட்டிருக்கிறார்கள். மூன்று அடுக்கு நிலம். ஜீப்பில் போகிறவர்கள் அதை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. இங்கேதான் ஒரு பெண் படுத்திருந்தாள் என்று டிரைவர் சொல்லியிருப்பார். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவளுக்குத் தோல் பூசியது நான்தான்.

பெண் என்றால் மண்ணால் செய்த பெண். எங்கள் ஊர் விழாக் கமிட்டிக்கு திடீரென்று ஆசை வந்துவிட்டது. பழத்தோட்டம் பார்க்க வருகிற கூட்டம் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறதாம், நின்று பார்க்க ஏதாவது வேண்டுமாம். கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சிற்பக்காரப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதிருக்கும், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நாங்கள் மேடம் என்றோம், அவள் எங்கள் எல்லாரையும் சேச்சி என்றாள். சரிவில் ஒரு பெண் உறங்குவதுபோல் செய்யப் போகிறேன் என்று காகிதத்தில் வரைந்து காட்டினாள். தலையிலிருந்து பாதம் வரை நடக்க எண்பது காலடி வைக்க வேண்டும். உள்ளே மூங்கில் விலா எலும்பு, அதன் மேல் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, கட்டுக்கட்டாக அடைத்து, அதன் மேல் மண். இடுப்போரம் ஒரு சின்ன வாசல். குனிந்து நுழைந்தால் வயிற்றிலிருந்து தலை வரை தவழ்ந்து போகலாம், கண் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பள்ளிக்கூட லீவில் திறப்பது, ஐப்பசி மழையில் அவள் கரைந்து மறுபடி வயலாகிவிடுவது. இதுதான் திட்டம்.

கரைவது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு யாராவது கரையவிடுவார்களா?

வேலை தொடங்கிய நாளே சண்டை. அவள் வரைந்தபடி தலை வடக்கே இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வடக்கே தலை வைத்து ஒரு பொம்பளை படுத்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள். உயிரோடு இருப்பவர்களே அப்படிப் படுப்பதில்லை, இத்தனை பெரியவள் படுத்தால் என்ன ஆகும் என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தினேன், பொய் சொல்வானேன். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஊன்றிய மூங்கிலை எல்லாம் பிடுங்கித் தலையைத் தெற்கே மாற்றினாள். கண்டம் தாண்டியது என்று எல்லாருக்கும் நிம்மதி. கமிட்டிக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள்.

பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்து முடித்திருந்தோம்.

என்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டது என் கைக்காக. இந்தச் சரிவில் இருக்கிற கரும்பாலைக் கொட்டகைகளில் பாதிக்கு மேல் நான் பூசிய சுவர். எங்கள் ஊர்ப் பூச்சு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். செம்மண், சுண்ணாம்பு, பொடியாக நறுக்கிய கரும்புச் சக்கை. இவற்றோடு கொப்பரையில் சாறு கொதிக்கும்போது மேலே பொங்கிவரும் அழுக்கை வழித்து வைத்திருந்து ஊற்றுவோம். கறுப்பாக, பிசுபிசுவென்று, இனிப்பும் புளிப்புமாக நாறும். அதைப் போட்டு மிதித்துப் பூசினால் சுவர் கல் மாதிரி நிற்கும். வெடிக்காது, மழைக்கு அசையாது. எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் கைப்பக்குவம். அது எனக்கு வந்தமாதிரி இங்கே யாருக்கும் வரவில்லை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லும். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அந்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "சேச்சி, மண்ணும் சாணகமும் மதி. வேற ஒண்ணும் வேண்டா. இவள் மழையில அலிஞ்சு போகணும், கேட்டோ?"

போதும் என்கிறாள், கேட்டுக்கொண்டேன். மண்ணும் சாணமும் மட்டும் போட்டு இடது காலைப் பூசினேன். மாசி வெயில். மூன்றாம் நாள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பாளம் பாளமாக வெடித்தது. சாலையில் நின்று பார்த்த ஒருத்தி, "என்னக்கா, ஒன் கை பூசுனதா இது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சும்மா கேட்டாளோ குத்திக் கேட்டாளோ, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே எங்கள் ஆலையிலிருந்து இரண்டு குடம் அழுக்கைக் கொண்டுபோய் மண்குழியில் கவிழ்த்தேன். மேடம் பத்து மணிக்குத்தான் வருவாள். அவள் வருவதற்குள் மிதித்து முடித்திருப்பேன். சாணத்தின் நாற்றத்தில் இது தனியாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பூசிய வயிறு, இடுப்பு, தோள், முகம் எதிலும் ஒரு கீறல் விழவில்லை. அவள் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "சேச்சியோட கை மாயம்தான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன், ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை.

இதற்குள் என் வீட்டுக்காரரையும் அங்கே சேர்த்துவிட்டிருந்தேன். முட்டைக்கோஸ் ஏற்றிய ஜீப் சரிந்ததில் அவருக்கு ஒரு பக்க இடுப்பு போய்விட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார், ஓட முடியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கமிட்டியிடம் நானே போய்க் கேட்டு அவருக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். இரவு முழுக்க அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காலோடு அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது வேறு யாருமில்லை.

அவருக்கு ஒரே ஒரு கட்டளை. உள்ளே முழுக்கக் காய்ந்த சோகை என்பதால் பக்கத்தில் தீ மூட்டக் கூடாது. பீடிகூடச் சாலைக்குப் போய்த்தான். "தீ வேண்டா, சேட்டா" என்று மேடம் நாலு தரம் சொல்லியிருந்தாள். அவரும் சத்தியம் செய்தமாதிரி அதைக் காப்பாற்றினார்.

அவர் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார், சக்களத்தி. காலையில் நான் தூக்குவாளியில் காபி கொண்டுபோனால், "ஒஞ் சக்களத்தி ராவெல்லாம் ஒரு வார்த்த பேசலடி. ஒன்னய விட அவ தேவல" என்பார். நான் திட்டுவேன். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது, அதனால் திட்டுவதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் எறும்பு வந்தது. தோளிலிருந்து வயிறு வரை ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஊர்ந்தது. மேடம் அதைப் படம் எடுத்தாள். "உயிர் வந்நு" என்றாள். அப்புறம் ஈ, குளவி. அப்புறம் ஒரு காலையில் குதிகாலைப் பன்றி கிண்டியிருந்தது. இதெல்லாம் எங்கள் ஊரில் புதிதில்லை. நான் அடைத்துப் பூசினேன். ஆனால் குனிந்து பூசும்போது அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. வெயிலில் ஊறி, ஆலையில் இருப்பதைவிடக் கனமாக இருந்தது. ஒரு பயம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது இடது தோளில் ஒரு குழி விழுந்திருந்தது. என் தலைக்கு மேல் கை நீட்டினால் எட்டுகிற உயரம். பன்றி அவ்வளவு உயரம் எட்டாது. குழியின் ஓரம் உடைந்தமாதிரி இல்லை, வழித்து எடுத்தமாதிரி வழவழவென்று இருந்தது. கீழே பாறை, தடம் பதியாத இடம். "ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்று அவரைக் கேட்டேன்.

"தகரத்துல பனி சொட்டுற சத்தந்தான். மாடு கீடு வந்திருக்கும், காட்டு மாடு" என்றார்.

காட்டுமாடு தோளை நக்குமா? நக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லையென்றால் வேறு எது வழித்தது, ஏன் வழித்தது என்று யாராவது கேட்பார்கள், கேட்டால் குழியில் என்ன ஊற்றினேன் என்று சொல்ல வேண்டிவரும். ஒரு குடம் அழுக்கு கொண்டுவந்து புதுசாகக் குழைத்து அந்தக் குழியை நிரப்பினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எனக்குப் பிடிக்கவில்லை.

யானை என்ற வார்த்தை எனக்குள் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் யானையை அறியாதவர் யார்? பலாவுக்கு வரும், வாழைக்கு வரும், கரும்புக்கு வரும். ஆனால் ஆலைக்கொட்டகைச் சுவரில் அது வாய் வைத்ததாக நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. அதே மண், அதே அழுக்கு, எத்தனையோ கொட்டகை. அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் செய்தேன்.

திறப்புக்கு முந்தின வாரத்தில் எங்கள் ஆலையின் மோட்டார் பழுதாகி உடுமலைக்குப் போனது. சாறு இல்லை, அதனால் அடுப்பும் இல்லை. மூன்று நாள் அடுப்பு அணைந்து கிடந்தது. எங்கள் பக்கம் வருஷம் முழுக்கக் கரும்பு வெட்டு, அந்த அடுப்பு அணைவதே இல்லை. கொப்பரை இறக்கினாலும் உள்ளே கங்கு கிடக்கும், புகைபோக்கியில் மெல்லிசாகப் புகை போய்க்கொண்டே இருக்கும்.

திறப்பு நாள் காலை, விடிந்தும் விடியாத நேரம். மோட்டார் முந்தின நாள் சாயங்காலம் வந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவருக்குக் காபி கொண்டுபோகலாம் என்று ஆலைக்கொட்டகைக்குப் போனேன். எதிரே இருப்பது தெரியாத மூடுபனி. உள்ளே நுழைந்தால் குளிர் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. பின்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் மூங்கில் தப்பை மட்டும் வளைந்து தொங்கியது, கீழே ஈரமான மண் கட்டிகள். அவற்றின் நடுவே ஆவி பறக்க யானைச் சாணி கிடந்தது, நான் நறுக்கிய சக்கை அதில் அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வருஷமும் கொட்டகையைக் காத்தது என் பூச்சு இல்லை, அடுப்பு. தீயும் புகையும் இருந்தவரை அது கிட்டே வரவில்லை. கீழே படுத்திருப்பவளுக்கு அடுப்பு கிடையாது. அவள் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று காவல் காக்கிறவர் ஓட முடியாதவர்.

தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். கரும்புக்குள் விழுந்து, வரப்பில் விழுந்து, வளைவுக்கு மேலே உள்ள அடுக்கில் போய் நின்றேன். கீழே பனிக்குள் மூங்கில் முறிகிற சத்தம். சடசடவென்று இல்லை, ஒவ்வொன்றாக, நிதானமாக, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறமாதிரி. பனி கொஞ்சம் விலகியபோது மூன்று தெரிந்தது. பெரியது இரண்டு, அரைவாசி வளர்ந்தது ஒன்று. பாதம் போய்விட்டது. தொடையில் நின்றுகொண்டிருந்தன.

தகரக் கொட்டகை நசுங்காமல் நின்றது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவர் இல்லை.

அப்போதுதான் முந்தின நாள் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "தகரத்துல குளிரு தாங்கலடி. இப்பல்லாம் சக்களத்தி வயித்துக்குள்ளதான் படுக்குறேன். கதகதன்னு இருக்கு." நான் அதைக் கேலி என்று விட்டிருந்தேன்.

கத்த வாய் திறந்தேன். கத்தினால் அவை மிரண்டு முன்னால் ஓடும், முன்னால் இருப்பது வயிறு. மடியில் தீப்பெட்டி இருந்தது, அடுப்புக்காகக் கொண்டுவந்தது. காலடியில் கட்டுக்கட்டாகச் சோகை. ஒரு கட்டைக் கொளுத்தி வீசினால் அவை போய்விடும். ஆனால் ஒரு பொறி அவள் மேல் விழுந்தால் போதும், உள்ளே இருப்பவர் கருகிப்போவார். தீப்பெட்டியைத் திறந்தேன், மூடினேன். எத்தனை தரம் என்று தெரியாது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இடுப்பு போனது. வாசல் போனது. வயிற்றின் மேல் பெரியது நெற்றியை வைத்து அழுத்தியது. நான் ஒரு மாதம் மிதித்து மிதித்துக் குழைத்த மண் பிளக்கிற சத்தத்தை நின்று கேட்டேன்.

காய்கறி ஏற்றிய ஜீப் ஒன்று மேலேயிருந்து வந்ததுதான் தெய்வச் செயல். டிரைவர் பார்த்துவிட்டு, லைட்டைப் போட்டு ஆரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. அவை அவசரப்படவில்லை. கடைசியாக ஒரு வாய் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போயின.

நான் கையாலேயே தோண்டினேன். டிரைவரும் வந்தார். வயிற்றில் அவர் இல்லை. மார்பில் இல்லை. "என்னங்க, என்னங்க" என்று கத்திக்கொண்டே தோண்டுகிறேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்கிறது. தலைக்குள்ளேயிருந்துதான் பதில் வந்தது. பாதம் முறிகிற சத்தத்திலேயே விழித்து, இடுப்பை இழுத்துக்கொண்டு தவழ்ந்து தலை வரை போயிருக்கிறார். ஒரு மூங்கில் சரிந்து நல்ல காலின் மேல் விழுந்து, தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. மேலே முகத்தின் பூச்சு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே நின்றது.

வெளியே இழுத்துப் போட்டபோது அவர் நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தார். "நீ பூசுன பூச்சு நின்னுச்சு புள்ள. இல்லன்னா மண்டையில எறங்கியிருக்கும். ஒங் கைதான் என்னயக் காப்பாத்துச்சு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அழுதேன். அவர் பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

திறப்பு நடக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. வடக்கே வைத்ததை எதற்குத் திருப்பினார்கள், அதுதான் கோளாறு என்று ஒரு பாதி. முதலிலேயே வடக்கே வைத்ததால் வந்த தோஷம் என்று இன்னொரு பாதி. மேடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விம்மினாள். "தீ வேண்டான்னு ஞான் சொன்னதுதானே, சேச்சி? என்டெ தெற்று" என்றாள். என் தப்பு என்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, நேரம்" என்றேன். அவள் தலையில் அதை ஏற்றிவைத்துத்தான் ஊருக்கு அனுப்பினேன். இன்றைக்கும் போன் செய்து அவருடைய காலைப் பற்றிக் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் பெயரைப் பார்த்துவிட்டு, மணி நின்றுபோகிற சமயத்தில்தான் எடுக்கிறேன்.

மிச்சமிருந்த தலையை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வரும் என்று பாரஸ்ட் வாட்சர் சொன்னார். நானே மண்கொத்து எடுத்துப் போனேன். மழைக்குக் கரைய வேண்டியவள், கொத்துக்கு அசையவில்லை. இரண்டு நாள் ஆனது. உடைத்த மண்ணில் ஒரு கட்டிகூட விடாமல் அள்ளி ஆற்றில் போட்டேன்.

அவர் இப்போது கட்டிலோடு சரி. ஒரு காலுக்கு ஏற்கெனவே இடுப்பு இல்லை, இன்னொன்று சரியாகக் கூடவில்லை. பேச்சு மட்டும் குறையவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, என் பூச்சு நின்றதைச் சொல்லித்தான் முடிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் அவர் படுத்திருக்கிற அறையின் சுவர் உதிர்ந்தது. அந்தப் பக்கம்தான் காடு. பூசு என்று நச்சரித்தார். மண்ணும் சாணமும் மட்டும் குழைத்துப் பூசினேன். நாலாம் நாள் அவர் தலைமாட்டிலேயே பாளமாக வெடித்தது. படுத்தபடியே விரலை அதில் விட்டுப் பார்த்தார். ஒரு விரல் முழுசாக உள்ளே போனது.

"என்னடி இது? ஊருக்கே பூசுனவ. அந்தக் கைப்பக்குவம் எங்கடி போச்சு?" என்றார். கேலி இல்லை, குரலில் நிஜமான வருத்தம்.

"போயிருச்சுங்க" என்றேன். மறுநாளும் மண்ணும் சாணமும்தான் குழைத்தேன்.